ஞானகுமாரி டைப் அடித்த சொல்

அப்பா பணியில் இருக்கும்போதே இறந்துபோனதால் ஞானகுமாரிக்கு ஆவடித் தொழிற்சாலையில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. குவார்ட்டர்ஸும் கைவிட்டுப் போகவில்லை. கூடவே தம்பி சத்தியராஜும் அவள் பொறுப்பானான். இருபத்தெட்டு வயதில் எட்டு வயதுப் பிள்ளையின் உயரம். நாக்கு தடித்து வெளியே நிற்கும். பேச்சு நாலைந்து சொல்தான். காலையில் அவனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டாரும் அவனைப் பார்த்ததும் காபியைத் தொடாமல் எழுந்து போனார்கள்.

தைராய்டு சுரக்காமல் பிறந்தவன் அவன். மருத்துவச் சான்றில் அதற்குப் பழைய டாக்டர்கள் வைத்த பெயர் இருந்தது: 'கிரெட்டின்'. வருஷா வருஷம் அவனுக்கான உதவித்தொகை விண்ணப்பத்தில் அவளே அதை டைப் அடிப்பாள். 1986இல் ஒருநாள் அதிகாரி பியூனைப் பார்த்து அதே சொல்லைக் கத்தினார். பக்கத்து மேஜை பார்த்தசாரதியிடம் அர்த்தம் கேட்டாள்.

"வடிகட்டின முட்டாள்னு திட்றாரும்மா. உனக்கு இன்னாத்துக்கு அது?"

சனிக்கிழமை வேலை விட்டதும் நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதியைப் புரட்டினாள். ஆல்ப்ஸ் மலைப்பக்கத்தில் இப்படிப் பிறந்தவர்களை 'கிறிஸ்தவர்' என்றே அழைத்தார்களாம், இவர்களும் மிருகமல்ல, மனிதர்தான் என்ற பொருளில். அந்த வட்டார உச்சரிப்புதான் 'கிரெட்டின்' என்று பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து வசவாகிவிட்டது. அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, தம்பிக்கு மட்டும் திருவிருந்து அப்பம் தராத தங்கள் சபைப் போதகரிடம் நேரே போனாள்.

"ஐயா, டாக்டர் இவனுக்கு எழுதுன பேரே கிறிஸ்தவன்தான். நீங்க ஏன் திருவிருந்துல சேத்துக்க மாட்டேங்கிறீங்க?"

போதகர் நல்லவர். நிதானமாகப் படித்தார். "வார்த்தை எங்கருந்து வந்தா என்னம்மா? வாங்குறது என்னன்னு அவனுக்குத் தெரியணுமே."

"எனக்கு மட்டும் தெரியுதா ஐயா?"

அவர் தாளை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் ஆராதனையில் தம்பியைக் கைப்பிடித்து அழைத்துப்போய்ப் பீடத்தருகே மண்டியிட்டாள். அப்பத்தோடு வந்த போதகரின் கை அவன் முன்னால் ஒரு கணம் தயங்கி, அடுத்தவரிடம் போயிற்று. ஞானகுமாரி தன் அப்பத்தைப் பிட்டுப் பாதியை அவன் வாயில் வைத்தாள். சத்தியராஜ் மென்றுகொண்டே உரக்கச் சிரித்தான்.

சாயந்தரம் சபைச் செயலாளர் வந்தார். "தம்பிய ஊட்டோட வுட்டுட்டு வாம்மா. சனங்க ஒரு மாரி பேசுது."

ஆறு நாள் அவனைப் பூட்டி வைப்பவளுக்கு ஏழாம் நாளும் பூட்ட மனம் வரவில்லை. அவளும் கோவிலுக்குப் போவதை நிறுத்தினாள். ஆனால் ஞாயிறு மணியடித்தால் சத்தியராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நிற்பான். "இன்னைக்கு இல்லடா" என்பாள். மணி ஓயும்வரை அவன் நகரமாட்டான். அவளும் கூடவே நிற்பாள்.