நெல்லை மண் என்று எழுதிய வாரம்

ஆரணிப் பக்கம் ஒரு கிராமச் சாலையை அகலப்படுத்திப் புதிதாகத் தார் போட்டுக்கொண்டிருந்த ஒப்பந்த நிறுவனத்தில் எனக்கு சர்வேயர் வேலை. வெயிலில் முக்காலியை நட்டு ஒற்றைக் கண்ணால் பார்க்கும் வேலை என்று கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் இருந்த அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். நான் செய்ததெல்லாம் செவ்வாய்க்கிழமை காலையில் ட்ரோனைப் பறக்கவிடுவதுதான். அது எடுக்கும் படங்களிலிருந்து சென்னை அலுவலகத்துக் கணினி சாலையின் உயரத்தைக் கணக்கிட்டு நிறம் பூசும். சரியான உயரம் என்றால் பச்சை, பள்ளம் நீலம், மேடு சிவப்பு.

அறுவடை நேரம் அது. புதுத் தாரில் பாதியை ஓர் அக்கா தன் நெல்லைக் காயவைக்க எடுத்துக்கொண்டிருந்தார். நான் போனபோது நெல்லைப் பனிக்காகக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்.

"யக்கா, இத அரைமணி நேரம் எடுத்துட முடியுமா? ட்ரோன் போனதும் திரும்பக் கொட்டிக்கலாம்" என்றேன்.

"இருபது மூட்டைய அள்ளிக்கினு போயி, அது பாத்துட்டுப் போனதும் திரும்பக் கொட்டணுமா? இன்னா, பொண்ணு பாக்கவா வருது?"

பறக்க எட்டிலிருந்து ஒன்பது மணி வரைதான் அனுமதி என்று மென்பொருளிலேயே பூட்டி வைத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் பறக்கவிட்டேன்.

மறுநாள் மேலாளர் போன் செய்தார். "ரோடு ஒரு இடத்துல ரெண்டு அடி எகிறியிருக்கும்மா."

"அது நெல்லு சார். மேல தார்ப்பாய் இருக்கு. படத்துல தெரியுமே."

"படம் பாக்கறது வேற டீம். எங்களுக்கு உயரம் மட்டுந்தான் வரும்."

காரணத்தைப் பதிவு செய்யாவிட்டால் அடுத்த கட்டத் தார் போட அனுமதி கிடைக்காது. மென்பொருளில் இருந்த காரணங்களை ஒவ்வொன்றாகப் படித்தார்: மண், ஜல்லி, பாறை, மரம், கால்நடை. நெல் இல்லை.

"மாடுன்னு போட்டுடலாமா சார்?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "மாடுன்னா நகந்திருக்கணுமே. மண்ணுன்னு போட்டுடும்மா. வேலை ஓடட்டும்."

டிப்ளமோவில் களிமண், வண்டல், செம்மண் என்று எத்தனையோ வகை படித்திருந்தேன். அன்று புதிதாக ஒன்றைச் சேர்த்தேன்.

வியாழக்கிழமை, மண்ணை அள்ள ஒரு பொக்லைன் வந்து நின்றது. நான் பதிவு செய்த கையோடு அதற்கான உத்தரவும் தானாகவே போயிருந்தது. ஓட்டுநர் இறங்கி வந்து சுற்றிலும் பார்த்தார்.

"எங்கம்மா மண்ணு?"

அந்த அக்கா மூட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்த பக்கமாகக் கையைக் காட்டினேன். காய்ந்த நெல் முழுக்க மூட்டைக்குள் போயிருந்தது.

"சரியாப்போச்சு. இன்ஜின ரெண்டு மணி நேரம் ஓட உட்டு, இந்த எடத்துலயே இருக்கணும் நானு. இந்த வளைவத் தாண்டிப் போனா மிஷினு மேலதிகாரிக்கு மெசேஜ் அனுப்பிடும்" என்றார்.

அக்கா ஊசியைக் கீழே வைத்தார். "இன்னாத்துக்கு சும்மா உறுமிக்கினு நிக்கற? இந்த மூட்டைங்கள ஊட்டாண்ட எறக்கிடேன்."

அக்காவின் வீடு அதே வளைவில்தான் இருந்தது, எல்லைக்கு உட்பட்டே. மண் வாரும் வாளியில் இருபது மூட்டையும் நாலைந்து நடையாக உட்கார்ந்து போயின. 'மண் அகற்றப்பட்டது' என்று பதிவாயிற்று. அடுத்த செவ்வாய் அந்த இடம் பச்சையாகிவிட்டது.

மாதாந்திரக் கூட்டத்தில் அந்தச் சிவப்பையும் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திரையில் காட்டினார்கள். கண்ணுக்குத் தப்பிய இரண்டடி மேட்டை ட்ரோன் கண்டுபிடித்துவிட்டது என்றார் ஓர் அதிகாரி. நான் எழுந்து, "அது நெல்லு சார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தன்னடக்கம் அதிகம் என்று அவர் பாராட்டினார். கைதட்டலும் கிடைத்தது. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு மழை பிடித்தது. சிறுபாலத்தை ஒட்டிச் சாலை நிஜமாகவே உள்வாங்கி, பள்ளம் விளிம்பு வரை தண்ணீரால் நிரம்பிவிட்டது. கலங்கல் தண்ணீரின் மட்டத்தையே ட்ரோன் சாலையாக எடுத்துக்கொண்டது. ஒரு பால்காரர் வண்டியோடு அதில் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார். மேலாளருக்கு போன் செய்தேன்.

"மேப்ல பச்சையா இருக்கேம்மா. பச்சைக்கு எப்படி மிஷின் அனுப்பறது?" என்றார். குரலில் வருத்தம் இருந்தது.

அதே பொக்லைன் அன்று கொஞ்ச தூரத்தில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தது. பள்ளமும் அதன் அன்றைய எல்லைக்குள்தான் இருந்தது. நேரே போய் ஓட்டுநரிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டு நேரத்தில் வந்தார். தண்ணீரை வாரி இறைத்துவிட்டு ஜல்லியைக் கொட்டி, வாளியின் அடிப்பக்கத்தால் அழுத்தி அழுத்தி மட்டமாக்கினார். முடிந்ததும், செய்த வேலையைப் பதிவு செய்யச் செல்போனை எடுத்தார்.

"இதுக்கு இன்னான்னு போடறது?"

"ஒண்ணும் போடாதீங்கண்ணா. போய் சாப்டுங்க."