அட்டை ஜாக்

குணம் அண்ணை இறந்துபோன செய்தி எனக்கு ஒரு குத்துவிளக்குப் படமாக வந்தது. செவ்வாய்க்கிழமை காலை லண்டன் ஈஸ்ட் ஹாம் ரயில் நிலையத்தின் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தபோது தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அதைப் பார்த்தேன். விளக்குக்குக் கீழே அண்ணையின் படம். மேலே, அதைவிடப் பெரிதாக, சங்கத் தலைவரின் படம். யார் இறந்தது என்று ஒரு கணம் விளங்கவில்லை. பெயரையும் பிழையாகப் போட்டிருந்தார்கள். குணரத்தினம் குணசிங்கமாகியிருந்தார். ஐந்து நிமிடத்துக்குள் நாற்பது, ஐம்பது கும்பிட்ட கைகள் வந்து சேர்ந்தன. எல்லோரும் குணசிங்கத்துக்காகக் கவலைப்பட்டார்கள்.

அன்று பின்னேரம் ஹரோவிலிருந்து தலைவரே தொலைபேசி எடுத்தார். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் ஒன்று அடிக்கப்போகிறார்களாம். நான் நன்றாக எழுதுவேன் என்று யாரோ சொன்னார்களாம். தீவில் பட்ட துன்பத்தை இரண்டு பக்கத்தில், வாசிக்கிறவர்கள் கண் கலங்கும்படி எழுதித் தரவேண்டுமாம். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "சீட்டு விளையாடின கதையெல்லாம் வேண்டாம் என்ன பிள்ளை. சனம் வேற மாதிரி நினைக்கும்."

நான் "ஓம்" என்றேன். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கும் நாங்கள் ஓம் என்றுதான் சொல்வோம். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். இவைதான் அந்த இரண்டு பக்கங்கள். மலரில் வராது என்று தெரிந்தே வேறு இடத்துக்கு அனுப்புகிறேன். வேலிக்குள் எங்களோடு இருந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. மற்றவர்கள் குணரத்தினம் என்கிற பெயரையாவது சரியாக அறிந்துகொள்ளட்டும்.

நாங்கள் கனடாவுக்கென்று ஏறிய படகு நடுக்கடலில் பழுதானது. மீட்டவர்கள் எங்களை இந்து சமுத்திரத்தின் நடுவே, இராணுவத் தளம் தவிர வேறொன்றுமில்லாத ஒரு தீவில் இறக்கினார்கள். அங்கே கூடாரங்களில், வேலிக்குள், மூன்று வருடங்கள் இருந்தோம். தீவு என்றதும் உங்கள் மனத்தில் வருகிற வெள்ளை மணலும் தென்னைகளும் அங்கே உண்டு. அவை வேலிக்கு அப்பால் இருந்தன. இப்பால் மழை ஒழுகும் துணியும், எலிகளும், நாங்களும். குழந்தைகள் அந்த வேலியைப் பிடித்துத்தான் நடக்கப் பழகின.

இவ்வளவையும் லண்டனில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். யாரும் கேட்காதது, மூன்று வருடமும் பகலில் என்ன செய்தீர்கள் என்பது. சொல்கிறேன். பிஸ்கட்டை நனைத்துப் பிசைந்து பிறந்தநாள் கேக் செய்தோம். கிழிந்த கூடாரக் கயிற்றில் வலை பின்னி வொலிபோல் அடித்தோம். சனிக்கிழமைகளில் பாட்டுக்குப் பாட்டு. நாள்தோறும் நாலு மணிக்கு, மூன்றாம் கூடாரத்தின் வாசலில், முந்நூற்றிநாலு.

அறியாதவர்களுக்காக: நாலு பேர், எதிரெதிரே இருக்கும் இரண்டிரண்டு பேர் ஒரு கட்சி, முப்பத்திரண்டு தாள்கள். ஜாக் தான் பெரிய தாள். எத்தனை புள்ளி எடுப்போம் என்று கூடுதலாகக் கேள்வி கேட்டு வென்றவர் தன் துரும்பை, மற்ற இனங்களை வெட்டும் தாளை, யாருக்கும் காட்டாமல் கவிழ்த்து வைக்கவேண்டும். ஆட்டத்தின் உயிர் அந்தக் கவிழ்த்த தாளில் இருக்கிறது. எங்கள் முகாமில் தோற்ற கட்சி காதில் நூல் கட்டிய சங்குக் கூட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு, சாப்பாட்டு வரிசையில் நின்று, வென்ற கட்சிக்குச் சாப்பாட்டுக் கோப்பை சுமந்து வரவேண்டும். இந்தச் சட்டத்தை இயற்றியவர் குணம் அண்ணை. அதிக நாட்கள் சங்கோடு திரிந்தவரும் அவர்தான்.

ஊரில் அவர் பருத்தித்துறைப் பாதையில் மினிபஸ் ஓட்டியவர். சீட்டும் அதே மாதிரித்தான் ஆடினார், முன்னால் என்ன நிற்கிறது என்று பார்க்காமல். கையில் ஒன்றுமில்லாமல் இருநூறு கேட்பார். நான் அவருடைய கட்சி. அண்ணன்மாரோடு சின்ன வயதிலிருந்தே ஆடிய எனக்கு அந்தக் கேள்விகளைக் கேட்க வயிறு எரியும். எதிர்க்கட்சி, சகோதரர்களான இரண்டு தம்பிமார். "குணம் அண்ணை கேட்டால் எங்களுக்குக் கோப்பை வந்து சேர்ந்தமாதிரித்தான்" என்பார்கள். அண்ணை தோற்றதற்கு எப்போதும் என்னைத்தான் திட்டுவார். இறந்தவர் என்பதற்காக இதை மறைக்க மாட்டேன்.

இரண்டாம் வருடம் எலி, மூவிலைச் சின்னம் போட்ட கிளாவர் ஜாக்கைத் தின்றுவிட்டது. அந்தத் தீவில் வேறு கட்டு வாங்க எங்கே போவது? அண்ணை பிஸ்கட் பெட்டியின் அட்டையை வெட்டிப் பேனாவால் ஒரு ஜாக் கீறினார். கீறிய ஜாக்கின் தோளில் காசுப் பை தொங்கியது. பார்த்தால் மினிபஸ் கொண்டக்டர். சிக்கல் அதன் முகத்தில் அல்ல, முதுகில். மற்ற முப்பத்தொரு தாளும் நீலம், இது மண்ணிறம். யார் கையில் இருந்தாலும் நாலு பேருக்கும் தெரியும். அதைத் துரும்பென்று கவிழ்த்து வைத்தால் கவிழ்த்ததற்கே அர்த்தமில்லை. ஆட்டம் முடிந்தது என்று தம்பிமார் எழும்பினார்கள்.

அண்ணை இருக்கச் சொன்னார். "தெரியும்தான். தெரியாத மாதிரி ஆடுவம். அதுகூட ஏலாதெண்டால் நாங்கள் என்ன மனிசர்?"

ஏலும் என்று நிரூபித்தோம். மண்ணிறம் எதிரே தெரியும். துரும்பு வேறாக இருக்கலாம் என்று நினைத்து, தோற்கும் தாளை இறக்குவோம். ஒரு தம்பி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு ஆடியதற்கு ஒரு கிழமை அவனோடு யாரும் கதைக்கவில்லை. வேலிக்குள் எங்களிடம் பூட்டு இல்லை, கதவு இல்லை, அழுவதற்கு மறைவிடம் இல்லை. அந்தத் தாளின் முதுகு ஒன்றையாவது காணாமல் விட எங்களால் முடிந்தது.

அதே வருடம் என் அம்மா ஊரில் இறந்துபோனா. தொலைபேசியில் சொன்னார்கள். அதைப் பற்றி இதற்குமேல் எழுதமாட்டேன். நான் கூடாரத் துணியைப் பார்த்தபடி படுத்தேன். ஐந்து நாட்கள் சாப்பாட்டு வரிசைக்குப் போகவில்லை. எழும்பும் எண்ணமும் இல்லை. பெண்கள் முறைவைத்து வந்து தலையைத் தடவிப் பாவம் என்றார்கள். கவலையை ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் இலக்கமாகச் சொல்லும்படி மொழிபெயர்ப்பாளர் மூலம் ஒருவர் கேட்டார். பதினொன்று என்றேன். எழுதிக்கொண்டு போனார்.

குணம் அண்ணை உள்ளே வரவில்லை. நாலு மணிக்கு வெளியே நின்று சத்தம் போட்டார். "பிள்ளை, நாலாவது ஆள் இல்லை. இருக்கிற மூண்டும் ஒண்டுக்கும் உதவாததுகள்." மறுநாளும் அதுவே. ஆறாம் நாள் தம்பிமாரையும் கூட்டிவந்து என் வாசலிலேயே இருத்தி, தாளைக் குலைத்து, கூடாரத் துணியின் கீழால் எனக்கு நாலு தாள் தள்ளிவிட்டார்.

மூன்று நீலம். ஒன்று மண்ணிறம்.

முதல் நாலு தாளுக்குள் கிளாவர் ஜாக் தானாக வராது என்றில்லை. ஆனால் குலைக்கும்போது அண்ணையின் விரல் எப்படி நிற்கும் என்று எனக்குத் தெரியும். சட்டம் இயற்றிய மனிதன் தன் சட்டத்தையே உடைத்துவிட்டார். இரக்கத்தைக்கூட இவ்வளவு கேவலமாகச் செய்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. ஐந்து நாளுக்குப் பிறகு வந்த முதல் கோபம். எழும்பி இருந்தேன்.

"அண்ணை, இது களவு."

"என்ன களவு? எனக்கொண்டும் தெரியாது. கேள்வியைக் கேள்."

தம்பிமார் இருவரும் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நூற்றெழுபது கேட்டேன். வென்றிருக்கலாம். என் கட்சிக்காரர் வழமைபோல் மேலே ஏறி இருநூறு கேட்டு ஆட்டத்தைக் கவிழ்த்துக் கொட்டினார். நான் காதில் சங்கைக் கொழுவிக்கொண்டு வரிசைக்குப் போனேன். கோப்பைகளோடு திரும்பும் வழியில் என்னுடையதிலிருந்து ஒரு வாய் சாப்பிட்டேன். அந்த இருநூறு அவருடைய மடத்தனமா, கணக்கா என்று பின்னர் பலமுறை கேட்டேன். துரும்பை வைத்தவர் அவராக இருந்தும், அவர் சொன்னது ஒன்றுதான்: "நீ துரும்பைப் பிழையா வைச்சனீ."

லண்டன் வந்தபின் சங்கம் எங்களைக் கண்டுபிடித்தது. ரெய்னர்ஸ் லேனில் ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். மேடையில் படம் எடுப்பதற்காகத் தலைவர் தன் குளிர்கோட் ஒன்றை அண்ணைக்குப் போட்டுவிட்டார். ஒலிவாங்கியைக் கையில் கொடுத்துத் துயரத்தைச் சொல்லும்படி கேட்டார்கள். அண்ணை எலி தின்ற கிளாவர் ஜாக்கைப் பற்றிச் சொன்னார். சிலர் சிரித்தார்கள். சிரித்ததற்காக வெட்கப்பட்டார்கள். வெட்கப்பட வைத்ததற்காக அவர்மேல் கோபப்பட்டார்கள். தலைவர் காதுக்குள் வந்தார், ஒலிவாங்கி அதையும் சபைக்குச் சொன்னது.

"அண்ணை, கஷ்டத்தைச் சொல்லுங்கோ."

"கஷ்டம்தானே சொல்லுறன். மூண்டு கிழமை ஒரு ஜாக் வரேல்லை எனக்கு."

அதோடு நன்றியுரை. அங்கே நல்லாய்க் கூத்தடித்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று சாப்பாட்டு மேசையில் ஒருவர் சொன்னார், கொத்துரொட்டியை இரண்டாம் தரம் போட்டுக்கொண்டு. வாசலில் கோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இரங்கல் படத்தில் அண்ணை போட்டிருப்பது அந்தக் கோட்தான். குழுவில் உங்களில் சிலர் அது அவருக்கு எடுப்பாக இருந்தது என்று எழுதியிருந்தீர்கள்.

ரயிலில் நான் பொருமிக்கொண்டு வந்தேன். அண்ணை குளிருக்குக் கைகளைக் கக்கத்தில் வைத்தபடி சொன்னார்: "பாவம் எண்டு சொல்லுறவனோட சீட்டாடக்கூடாது. விட்டுத் தருவான்." நீங்கள் எனக்கு விட்டுத் தரவில்லையா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லை.

தம்பிமாரை வடக்கே வேறு நகரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஈஸ்ட் ஹாமில் நானும் அண்ணையும் மிஞ்சினோம். இன்னும் இரண்டு பேர் வேண்டும். அண்ணை ஹை ஸ்ட்ரீட்டில் மரக்கறிக் கடையிலும் முடிவெட்டும் கடையிலும் கோயில் வாசலிலும் கேட்டார். எல்லோருக்கும் முந்நூற்றிநாலு தெரிந்திருந்தது. எல்லோரும் ஊரில் பெரிய ஆட்டக்காரர்கள். ஒருவருக்கு இரவு ஷிப்ட், ஒருவருக்குப் பிள்ளையின் டியூஷன், ஒருவருக்கு ஞாயிறு கலியாணவீடு. பார்ப்போம் அண்ணை, கோல் பண்ணுங்கோ என்றார்கள். ஒரு வருடத்துக்கு மேலாக அந்த இரண்டு பேர் கிடைக்கவில்லை. இப்போது அவருடைய முப்பத்தோராம் நாள் மண்டபத்துக்கு இருநூறு பேர் வருவதாக உறுதி சொல்லியிருக்கிறீர்கள். நாலு மணிக்குத்தான் தொடக்கமாம்.

அவருடைய இருதயம் நின்ற பிறகு, அவர் தங்கியிருந்த வீட்டைப் பார்க்கும் மனிதர் ஒரு பிளாஸ்டிக் பையை என்னிடம் தந்தார். அவர் உடுத்திய இரண்டு சேட், மருந்து, அகதி விண்ணப்பத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை என்கிற கடிதங்கள், தலையணை உறைக்குள் இருந்த ஒரு தாள்.

நேற்றுத் தலைவர் மறுபடியும் எடுத்தார். மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டி வைக்கிறார்களாம். தீவிலிருந்து கொண்டுவந்த சாமான் ஏதாவது அண்ணையின் அறையில் கிடந்ததா என்று கேட்டார்.

"எனக்கொண்டும் தெரியாது" என்றேன்.

அது என்னிடம் இருக்கிறது. என் கைப்பையில், கொண்டக்டர் முகம் உள்ளே பார்க்க, மண்ணிற முதுகு வெளியே தெரிய. எவரும் பார்த்த உடனே அது என்ன தாள் என்று சொல்லிவிடலாம். தெரியாத மாதிரி ஆட, முன்பு எங்களுக்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. இப்போது எனக்கு மூன்று பேர் வேண்டும்.