ஒரு ஜோடி செருப்பு போதும்

எங்கள் ஊரில் அண்ணன் தம்பிகள் ஒருவரை ஒருவர் கேலி செய்யக்கூடாது. மச்சான்மார் கேலியைத் தவிர வேறு எதுவும் பேசக்கூடாது. ஃபிஜி முழுக்க உள்ள வழக்கம்தான். ரேவா ஆற்றங்கரைக்காரர்களான நாங்கள் அதைக் கொஞ்சம் அதிகமாகவே கடைப்பிடிப்போம். செவுலோனியும் பிலிமோனியும் மச்சான்கள். ஐம்பது வயது தாண்டியும் இருவரும் தங்களுக்குள் உருப்படியாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

செவுலோனிக்குச் சர்க்கரை. இடது கால் பெருவிரல் கறுத்தபோது, விரலை எடுத்துவிட்டால் கால் தப்பும் என்றார் டாக்டர். அப்போது பார்த்து எங்கள் ஊரில் சர்ச் மாநாடு. மண்ணடுப்பு தோண்டிப் பன்றி சுட ஊரில் தன்னை விட்டால் ஆளில்லை என்று செவுலோனி நம்பினான். "மாநாடு முடியட்டும் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்து, விரலில் இலையைக் கட்டிக்கொண்டு குழி தோண்டினான். மாநாடு முடிந்தது. முழங்காலுக்குக் கீழே காலும் போனது. பன்றி சரியாக வேகவில்லை என்று இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள்.

ஊன்றுகோலோடு வந்து இறங்கியவனை வரவேற்றது பிலிமோனிதான்.

"வாடா மச்சான். மிச்சத்த எங்க விட்டுட்டு வந்தே?"

"நர்ஸுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சுடா. ஞாபகமா இருக்கட்டும்னு குடுத்துட்டேன்."

எல்லோரும் சிரித்தோம். வருத்தமாக இருக்கிறதா என்று போதகர் கேட்டபோதும், "எதுக்கு? நகம் வெட்டுற வேலைல பாதி மிச்சம்" என்றான். யார் கேட்டாலும் அதே பதில். நாங்களும் நம்பினோம். நம்புவது எங்களுக்கு வசதியாக இருந்தது.

பிலிமோனிக்கும் சர்க்கரைதான். இந்த வருடம் அவனது வலது பெருவிரல் கறுத்தது. நர்ஸ் வீட்டுக்கே வந்து திட்டினாள். பெண்டாட்டி லிட்டியா அழுதாள். அவன் அசையவில்லை. "செவுலோனி காலே போயி ஜம்முனு இருக்கான். எனக்கு ஒத்த விரலுக்கு என்ன அவசரம்?" என்றான். இது செவுலோனியின் காதுக்கும் போனது.

சனிக்கிழமை மத்தியானம் யங்கோனா வேரை இடித்துக் கரைத்துக் குடிக்க உட்கார்ந்திருந்தோம். ஊர்ப் பெரியவர் இருக்கும் இடத்தில் காலை நீட்டக்கூடாது. செவுலோனிக்குச் சம்மணம் பாதிதான் வரும். இருக்கிற காலை மடக்கி உட்கார்ந்திருந்தான். சிரட்டை பிலிமோனியிடம் வந்தது. குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான்.

"மச்சான், உனக்கு இடது போச்சு. எனக்கு வலது போகட்டும். ரெண்டு பேருக்கும் ஒரு ஜோடி செருப்பு போதும்டா!"

கூட்டமே சிரித்தது. செவுலோனி சிரிக்கவில்லை.

"பிலிமோனி, நான் இத்தன நாளும் பொய் சொன்னேன். இன்னைக்கும் காலைல எந்திரிக்கும்போது இல்லாத கால ஊனிட்டு விழுந்தேன். ஒரு பன்னிக்காகக் காலக் குடுத்துட்டேன்னு நெனைக்காத நாளில்ல. அந்த விரல அன்னைக்கே எடுத்திருக்கணும். நீ போயிடு."

கேலியை விட்டு, மச்சானைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டான். யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"நீ என்ன எனக்கு அண்ணனா?" என்றான் பிலிமோனி. முகம் சிவந்து எழுந்து போய்விட்டான். ஊர்ப் பெரியவர் தொண்டையைச் செருமினார். முறை தவறினால் யங்கோனா வேர் வைத்து மன்னிப்புக் கேட்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை வேரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செவுலோனி கிளம்பினான். ஊன்றுகோலோடு வேரைத் தூக்க முடியாமல் இரண்டு இடத்தில் கீழே போட்டான். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். வாசலில் லிட்டியா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அவரு இல்லண்ணே. மொத பஸ்ஸுல ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாரு."

"எங்கிட்ட கோவமாத்தானே போனான்?"

"ராத்திரி பூரா தூங்கல. 'அவனே கேலிய விட்டுட்டான்னா நெசமாவே வலிச்சிருக்குடி'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

செவுலோனி வேரைப் படியில் வைத்தான். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, கால் போனதற்காக முதல் தடவையாக அழுதான். லிட்டியா துணியைப் போட்டுவிட்டு உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்தாள். சர்க்கரை போடவில்லை.