வயர்லெஸ்ஸில் நான் போட்ட சத்தம்

எண்ணூரில் கப்பல் துறைமுகம் புதிதாக வந்திருந்த காலம். என் வீட்டுக்காரர் காசிமேட்டில் சொந்த லாஞ்சு வைத்து மீன் பிடித்துக்கொண்டிருந்தார். லாஞ்சில் ஒரு வயர்லெஸ், வீட்டில் ஒன்று. வீட்டு ஏரியல் மொட்டை மாடியில் குழாய் மேல் நிற்கும். அவர் கடலுக்குப் போய்விட்டால் அந்தப் பெட்டிதான் எனக்கு எல்லாம். அவர் குரல் வந்தால் நிம்மதி, வராவிட்டால் பெட்டி முன்னாலேயே உட்கார்ந்திருப்பேன்.

அதில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. உஸ்ஸென்ற இரைச்சலை அடக்க இன்னொரு திருகு. இதை ஒரேயடியாகத் திருகிவிட்டால் இரைச்சலோடு தூரத்துக் குரலும் சேர்ந்து அடங்கிவிடும். நானே குடைந்து குடைந்து கண்டுபிடித்தது இது. அப்புறம் ஒரு பொத்தான். ஹையில் வைத்தால் குரல் கரை வரைக்கும் வரும், லோவில் வைத்தால் பக்கத்து லாஞ்சோடு சரி. மைக்கிலும் ஒரு பட்டன்; அதை அமுக்கியிருக்கும் வரை நம் குரல்தான் போகும், மற்றவர் குரல் வராது.

எங்கள் ஆட்களுக்கு அந்த லோ என்றால் உயிர். மீன் பட்ட இடத்தை ஊரே கேட்கிற சேனலில் சொல்வார்களா? லோவில் போட்டு, கூடவே போகும் தம்பி லாஞ்சுக்கு மட்டும் கிசுகிசுப்பார் இந்த மனுஷன். எனக்கு அந்தக் கள்ளத்தனம் பிடிக்கவே பிடிக்காது.

ஒரு நாள் மதியம் கொழுந்தனார் மட்டும் கரைக்குத் திரும்பி, மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடி வந்தார்.

"பின்னாலயே வர்றேன்னாரு அண்ணி, இன்னும் காணோம். கூப்ட்டா பதிலே இல்ல."

ஓடிப்போய்ப் பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். நிலக்கரிக் கப்பல்கள் அந்தப் பக்கமாகத்தான் எண்ணூருக்குப் போகும். இன்ஜின் நின்ற லாஞ்சு குறுக்கே மிதந்தால் அவற்றால் சட்டென்று நிறுத்த முடியாது.

இரைச்சல் திருகை முழுக்கத் திறந்துவிட்டேன். வீடெல்லாம் உஸ்ஸென்று இரைந்தது. அதற்குள்ளே, வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு குரல். அவர்தான்! பாவி மனுஷன், பதற்றத்தில் லோவிலேயே வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருக்கிறார். மைக்கை அமுக்கினேன்.

"யோவ்! நான் பேசறது உனக்குக் கேக்கும். நீ பேசறதுதான் எனக்குக் கேக்கல. மீன ஒளிச்சது போதும், அந்தப் பட்டன ஹைல போடுய்யா!"

பொத்தானைத் தட்டிவிட்டார் போல, குரல் கணீரென்று வந்தது. "லாஞ்சு அடி விசிறில வலை சுத்திக்கிச்சு! இன்ஜின் நின்னுபோச்சு. தண்ணி கப்பல் வர்ற பக்கமா இழுத்துனு போவுது!"

கையோடு, தான் இருக்கும் இடத்தையும் சொன்னார். இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்த இடம், காசிமேடே கேட்டது. அவர் முடிப்பதற்குள் இன்னொரு குரல் குறுக்கே வந்தது. யாருக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று இவர் ரொம்பவும் பயந்தாரோ, அந்த லாஞ்சுக்காரர்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளிதான் கீறோம். கயிற எடுத்து ரெடியா வை, வர்றோம்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மைக் பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே ஓவென்று அழுதேன். கொழுந்தனார் என் விரலைப் பிரித்துவிட்ட பிறகுதான் மறுபடி அந்த லாஞ்சுக்காரர் குரல் கேட்டது.

"பட்டன வுட்டுட்டு அழுவுக்கா! அண்ணன் லாஞ்சு கண்ணுக்குத் தெரியுது. அத்த சொல்ல வுடாம, காசிமேடு முழுக்க உன் அழுகதான் கேக்குது."