ஊசிக்கு முன் ஒரு சரித்திரம்

ரப்பர் பட்டையைப் புஜத்தில் இறுக்கிக் கட்டியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, வெறும் வயிற்றில் வந்தீர்களா என்பதல்ல.

“உடம்பு கண்ணாடியால ஆனதுன்னு நம்பின ஒரு ராஜாவைத் தெரியுமா உங்களுக்கு?”

வந்தவருக்குத் தெரியாது. பிரெஞ்சு தேசத்து ராஜா, யாராவது தொட்டால் நொறுங்கிப்போவோம் என்று பயந்து, உடைக்குள் இரும்புக் கம்பி வைத்துத் தைத்துக்கொண்டவர். “தொட்டா உடைஞ்சிடுவாராம். அவருக்குப் பிள்ளைங்க எத்தனைன்னு நினைக்கிறீங்க?” வந்தவர் யோசித்து முடிப்பதற்குள் ஊசி ஏறி, ரத்தம் குப்பியில் பாதி வந்திருக்கும். “பன்னிரண்டு. கையை மடக்கிக்கோங்க.”

பரிசோதனைக்கூடத்தின் மூன்றாம் எண் அறையில் இருபத்திரண்டு வருடமாக ரத்தம் எடுக்கிறார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. வருகிறவர்களுக்கு அவர் ‘சரித்திரம்’. “சரித்திரம் லீவா? அப்ப நாளைக்கு வர்றேன்” என்று திரும்பிப் போகிறவர்கள் உண்டு.

ஆளுக்குத் தகுந்த கதை. குழந்தைகளுக்கு, ஆஸ்திரேலியாவில் பட்டாளத்துக்காரர்கள் இரண்டு இயந்திரத் துப்பாக்கியோடும் பத்தாயிரம் தோட்டாவோடும் ஈமுக் கோழிகள்மீது படையெடுத்துத் தோற்ற கதை. நரம்பு சட்டென்று அகப்படாத பருமனான கைகளுக்கு, ஒரு நகரமே தெருவில் இறங்கி, நிறுத்த முடியாமல் நாள்கணக்கில் ஆடிய கதை. அது நீளமானது, இரண்டு குத்துக்குத் தாங்கும். சர்க்கரை பார்க்க வந்தவர்களுக்கு, தொட்டி வெடித்து வீட்டு உயரத்துக்கு வெல்லப்பாகு தெருவில் ஓடிய கதை. ஏன் அவர்களுக்குப் போய் அந்தக் கதை என்று கேட்டால், “அவங்கதான் ரொம்ப ரசிச்சுக் கேக்கறாங்க” என்பார்.

சரக்கெல்லாம் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய பொது அறிவுப் புத்தகங்களிலிருந்து. கரையான் தின்ற இடங்களை அவரே நிரப்பிக்கொள்வதில்லை. “அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு கரையானுக்குத்தான் தெரியும்” என்று நேர்மையாகச் சொல்லிவிடுவார். வீட்டில் அவர் மனைவி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வது வேறு. “நேத்து வாங்கிட்டு வரச் சொன்ன நூல் கலரைக் கேட்டா தெரியாது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தி எவன் எப்படிச் செத்தான்னு கேளுங்க, தேதியோட சொல்வார்.”

அந்தத் தேதிதான் வினையாகிவிட்டது.

இருவாரத்துக்கு ஒருமுறை ஓர் அம்மா வருவார். ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியை. இதயத்துக்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர், ஆகவே ரத்தம் உறையும் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். லண்டனில் பீர்த் தொட்டி உடைந்து தெருவை மூழ்கடித்த கதையை அவரிடம் போய்ச் சொன்னார் இவர்.

“ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தொண்ணுல...”

“பதினாலு” என்றார் டீச்சரம்மா. ஊசியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த முறை ஈமு யுத்தத்தின் வருடம் தப்பு. அதற்கடுத்த முறை டீச்சரம்மா வாசலிலிருந்த ஆலோசனைப் பெட்டியில் ஒரு தாளை மடித்துப் போட்டார். இரண்டு பக்கம், எண் போட்டு, சிவப்பு மையில் அடிக்கோடு.

மேலாளர் மூன்றாம் எண் அறைக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். “இங்க ரத்தம்தான் எடுக்கணும், சரித்திரம் எடுக்கக் கூடாது. புகார் வந்திருக்கு.” பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை ஒன்றைக் கையில் கொடுத்தார். அனுமதிக்கப்பட்ட வாக்கியங்கள் நான்கு: வணக்கம். கையை நீட்டவும். லேசாக வலிக்கும். நன்றி.

அறைக்குத் திரும்பியவர் அட்டையை மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டு, அதன்படியே நடந்துகொண்டார். முதல் நாளே ஒரு லாரி டிரைவர் ‘லேசாக வலிக்கும்’ என்ற இடத்தில் மயங்கி விழுந்தார். இரண்டாம் நாள் ஒரு சிறுமி மேசைக்கடியில் புகுந்துகொண்டாள். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாதது ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், குப்பியில் ரத்தம் ஏறுவதைப் பார்த்து அவருக்குக் கண் இருட்டியது. விழுந்துவிடக் கூடாதே என்று, முந்தின நாள் படித்த எதையோ வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினார். கை நடுங்காமல் நின்றது. அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார். மனைவிக்குக்கூட இது தெரியாது.

ஒன்பதாம் நாள் டீச்சரம்மா வந்தார்.

“வணக்கம். கையை நீட்டவும்.”

முதல் குத்தில் நரம்பு வழுக்கியது. இரண்டாவதில் ஊசி தோலைத் தொட்டதோடு சரி. டீச்சரம்மா ஊசியைப் பார்க்கவில்லை, அதைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தார். கரும்பலகைக்கு முன்னால் வந்து நின்ற எத்தனையோ விரல்களைப் பார்த்த கண்.

“கை ஏன் நடுங்குது?”

“ஒண்ணுமில்லம்மா, ஏசி.”

இருவரும் ஒருசேர நிமிர்ந்து பார்த்தார்கள். ஏசியின் மேல் ‘பழுது’ என்று காகிதம் ஒட்டியிருந்தது.

“அப்ப அந்தக் கதையெல்லாம் எங்களுக்காகச் சொன்னது இல்ல” என்றார் டீச்சரம்மா, மெதுவாக.

அவர் பஞ்சை எடுத்தார். எடுத்ததை வைத்தார். அட்டையில் இதற்கு வாக்கியம் இல்லை.

“புகார் எழுதினது நான்தான்.”

“தெரியும்மா. அந்தப் பெட்டியில எழுத்துப்பிழை இல்லாம வந்தது அது ஒண்ணுதான்.”

“கதையை நிறுத்தச் சொல்லி நான் எழுதலை. வருஷத்தைத் திருத்தச் சொல்லித்தான் எழுதினேன். உங்க மேலாளர் முதல் வரியைத் தாண்டலை போல இருக்கு.” அவர் இன்னொரு கையை நீட்டினார். “செத்துப்போன போப்பை விசாரணை பண்ணின கதை தெரியுமா?”

“பாதி தெரியும்மா. மீதி கரையான்.”

“தெரிஞ்ச பாதியைச் சொல்லுங்க.”

அவர் வாசலில் பாதி விலகியிருந்த திரைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு ரப்பர் பட்டையைக் கட்டியபடி ஆரம்பித்தார்.

“ரோம்ல ஒரு போப் செத்து, புதைச்சு மாசக்கணக்கு ஆச்சு. பின்னால வந்தவருக்குக் கோபம் தீரலை. குழியைத் தோண்டி, பிணத்துக்கு அங்கி மாட்டி, நாற்காலியில உட்கார வெச்சு, குத்தப் பத்திரிகை வாசிச்சாங்க. பதில் சொல்லணுமே? பக்கத்துல ஒரு ஆளை நிறுத்தி, பிணத்துக்குப் பதிலா நீ பேசுன்னாங்க...”

“தீர்ப்பு?”

“அந்தப் பக்கத்துலதாம்மா ஓட்டை.”

ஊசி ஏறியிருந்தது. கருஞ்சிவப்பாக ரத்தம் குப்பிக்குள் நிதானமாக எழும்பியது. விரல்கள் கல் மாதிரி நின்றன.

“குத்தவாளின்னுதான் தீர்ப்பு” என்றார் டீச்சரம்மா. “ஆசீர்வாதம் பண்ணின விரல் மூணையும் வெட்டிட்டாங்க. கதை அங்கயும் முடியலை.”

தாழ்வாரத்தில் மேலாளரின் பூட்ஸ் சத்தம் நெருங்கி வந்தது. ரத்தம் எடுக்கிறவரின் கண் மேசைமேலிருந்த அட்டைக்குப் போனது.

ஊசி இருந்த கை அசையாதபடி, டீச்சரம்மா மற்ற கையால் எட்டி, திரையை முழுக்க இழுத்து மூடினார்.