கழுத்துப் பட்டையில் பக்கிளின் இடம்

இரண்டு ஊசிகள், ஒரே நூல். வலக்கை ஊசியும் இடக்கை ஊசியும் ஒரே துளையில் எதிரெதிராக நுழைந்து வெளியே வந்தன. ஒவ்வொரு தையலையும் இழுத்து இறுக்கி, கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கைகள் அடுத்த துளைக்குப் போயின. குதிரை வாருக்கு அங்குலத்தில் ஆறு தையல் போதும். இதற்கு எட்டு. இது மனிதக் கழுத்தில் உரசப் போவது.

"என்னடி, இன்னுமா முடியல? ஆறு மணிக்கெல்லாம் எங்க வீட்டுக்கு ஆளுங்க வந்துருவாங்க." பட்டறை வாசலில் நின்று தொத்திறைச்சி கடித்துக்கொண்டிருந்த தோழி மோசெல் கேட்டாள்.

"வரட்டும். நான் வர்றேன்னு சொன்னேனா?"

எர்லீன் கில்லரி தலை நிமிரவில்லை. ஒப்பலூசாஸ் ஊரைச் சுற்றிக் குதிரை வைத்திருக்கும் கறுப்பர்களில் பாதிப் பேரின் கடிவாளம் அவள் தைத்தது. பழைய சேணங்களைப் பிரித்துப் பிரித்துத் தானாகக் கற்ற வேலை. மோசெல் வீட்டில் மாதம் ஒருமுறை கூடுகிறவர்களும் கறுப்பர்கள்தான், நாற்பதைத் தாண்டியவர்கள். கட்டுண்டு கிடப்பதிலும் கட்டிவைப்பதிலும் தங்களுக்கு உள்ள ஆசையை அங்கே யாரும் மறைப்பதில்லை.

போன கூட்டத்துக்கு எர்லீன் தன் கழுத்துக்கென்று ஒரு பட்டை தைத்துக்கொண்டு போனாள். அவள் கேட்டுத்தான் கணவன் ஆல்சிட் அதை மாட்டினான். பக்கிள் டக்கென்ற சத்தத்தோடு பூட்டிக்கொண்டது. அவளுக்கு மூச்சு நின்றுபோனது. நிறுத்தச் சொல்வதற்கு அவர்கள் வைத்திருந்த சொல் 'வெண்டைக்காய்'. அது தொண்டையை விட்டு வரவில்லை. கை தேடியது, பக்கிள் இடப்பக்கம் பின்னால், சட்டென்று கைக்குச் சிக்காத இடத்தில் இருந்தது. அடிமைக் காலத்துச் செய்தித்தாளிலிருந்து மோசெல் எடுத்துக் கொடுத்திருந்த நாலு வரி விளம்பரம்தான் கண்ணுக்குள் நின்றது. ஓடிப்போன அடிமைப் பெண் யூலாலி, கழுத்தில் இரும்பு வளையம், பிடித்துத் தருவோருக்குச் சன்மானம். யூலாலி அவளுடைய அம்மாவழியில் ஐந்து தலைமுறைக்கு முந்தியவள். அந்த வளையத்துக்குப் பக்கிளே கிடையாது. ஆணி அறைந்து மூடியது.

ஆல்சிட் அவள் கண்ணைப் பார்த்துப் பதறிக் கழற்றினான். அன்றிலிருந்து கட்டிலின் ஓரத்தில் படுக்கிறான். அவள்மேல் விரல்கூடப் படவில்லை. யூலாலியை விலைக்கு வாங்கினவன் இத்தனை காலம் கழித்துத் தன் படுக்கைவரை வந்துவிட்டான், இனி போகமாட்டான் என்பதுதான் எர்லீனின் பயம்.

மூன்று நாளைக்கு முன் ஒரு குதிரைக்குத் தலைவார் மாட்டும்போதுதான் தன் தப்பு அவளுக்குப் பிடிபட்டது. குதிரைக்குப் பக்கிள் இடப்பக்கம். ஆள் நிற்பது அங்கேதான். முப்பது வருடப் பழக்கத்தில் தன் கழுத்துக்கும் மாட்டுகிறவன் கைக்குத் தோதாகவே வைத்துத் தொலைத்திருக்கிறாள்.

இந்தப் புதுப் பட்டையில் பக்கிள் மோவாய்க்குக் கீழே இருந்தது. சத்தம் வராமலிருக்க அதற்கும் தோல் சுற்றியிருந்தாள். நுனியை ஒரு இழுப்பு இழுத்தால் அவிழ்ந்துவிடும். கடைசி முடிச்சைப் போட்டு, கண்ணை மூடி ஐந்து தடவை மாட்டிக் கழற்றினாள். ஆறாம் தடவை விரல் வழுக்கியது. மறுபடி பிடித்து இழுத்தாள், அவிழ்ந்தது.

ஆல்சிட் உள்ளே வந்தான். மேசைமேல் இருந்ததைப் பார்த்ததும் கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"நான் மாட்டமாட்டேன் எர்லீன். அன்னைக்கு உன் கண்ணு என்னை யாரா பாத்துச்சுன்னு எனக்குத் தெரியும்."

"உன்னைப் பாக்கல."

"அதைத்தான் சொல்றேன். எனக்கு என் கையே பயமா இருக்கு."

"சரியாப் போச்சு! கறிக்கடைக் கோழிங்க மாதிரி ரெண்டு பேரும் நிக்கிறீங்க," என்றாள் மோசெல். "நான் கார்ல இருக்கேன். வந்தா வாங்க, வராட்டி சோறு மிச்சம்."

அவள் போனதும் எர்லீன் பட்டையைக் கையில் எடுத்தாள்.

"வெண்டைக்காய்!" என்றாள் உரக்க.

ஆல்சிட் பின்வாங்கினான். "இன்னும் தொடவே இல்லையே புள்ள!"

"வாயில வருதான்னு பாத்தேன். வருது. எனக்கும் பயந்தான். கையை வெளிய எடு."

வெகுநேரம் கழித்துத்தான் அவன் கைகள் பையிலிருந்து வெளியே வந்தன. நூலின் மெழுகு வாசம் போகாத அந்தப் பட்டையை, பக்கிள் தன் பக்கம் பார்த்திருக்க, அவள் அவற்றில் வைத்தாள்.