அவளுக்கு நான் கொடுத்த அதிமதுரம்

மூன்று மாத்திரை போட்டும் என் மனைவிக்கு பிரஷர் இறங்கவில்லை. திருட்டுத்தனமாக ஊறுகாய் தின்கிறாள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். எனக்கு எதற்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். ஊறுகாய் ஜாடியைத் தூக்கி வாசலில் போட்டேன். "நான் தொடவே இல்லைங்க. நம்பினா நம்புங்க" என்றாள். நான் நம்பவில்லை.

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரே மசாலா கோடவுனில்தான் இருவருக்கும் வேலை. அவள் சுக்கு பொறுக்குவாள், நான் மூட்டை எடை போடுவேன். சுக்குத் தூசிக்கு இருமல் விடாது. அதனால் எங்கள் கோடவுனில் அதிமதுரத் துண்டு ஒன்றைக் கடைவாயில் அடக்கிக்கொண்டுதான் பெண்கள் உட்காருவார்கள். அவளுக்கு நல்ல வேராகப் பார்த்துக் கொடுப்பது என் பொறுப்பு. காலையில் ஒன்று, சாயாவுக்குப் பிறகு ஒன்று, வீட்டில் அதே வேர் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர். ஆறேழு வருஷம் ஒருநாள் தவறாமல் கொடுத்தேன். அதில் பெருமை வேறு.

போன வருஷம் ஒருநாள், சாயா குடிக்கப் போனவள் திரும்பி வந்து, தான் உட்காரும் இடம் எதுவென்று தெரியாமல் கோடவுன் வாசலிலேயே நின்றாள். கையைப் பிடித்து நேரே ஆட்டோவில் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படத்தை டாக்டரம்மா காட்டினார். மலையாளம் கலந்த தமிழ். "சேட்டா, மூளைக்குள்ள முடி மாதிரி சின்ன ரத்தக்குழாய் உண்டு. வருஷக்கணக்கா பிரஷர் கூடி நின்னா அது தடிச்சு அடைஞ்சு போகும், சிலது கசியும். இந்தப் புள்ளியெல்லாம் அதுதான்."

ரத்தத்தில் பொட்டாசியமும் குறைந்திருந்தது. "உடம்புல உப்பைப் பிடிச்சு வைக்க ஒரு ஹார்மோன் உண்டு. அது கூடினா இப்படி வரும். ஆனா இவங்களுக்கு அது ரொம்பக் குறைவா இருக்கு. வேற எதுவோ அதோட வேலையைச் செய்யுது. என்ன கொடுக்கறீங்க?"

கடைசியாகத்தான் அதிமதுரத்தைச் சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அதுதான் சேட்டா. தினமும் தின்னா அந்த ஹார்மோன் செய்யற வேலையை இது செய்யும்" என்றார்.

நிறுத்தினோம். சில வாரங்களில் பிரஷர் இறங்கியது, ஒரு மாத்திரையே போதும் என்றார்கள். மூளையில் விழுந்த புள்ளிகள் போகாதாம். இது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது என்றும் டாக்டரம்மா சொன்னார். அந்த ஆறுதல் எனக்கு ஒட்டவில்லை. பாவி, என் கையாலேயே கொடுத்தேன்.

இப்போது அவள் வேலைக்கு வருவதில்லை. சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பாள்.

"இன்னிக்கு மறந்துட்டீங்களா? தொண்டை கரகரங்குது."

"அது உனக்கு ஆகாதும்மா. அதுலதான் பிரஷர் ஏறி உன் தலைக்குள்ள இப்படி ஆச்சு."

"யாரு குடுத்தா எனக்கு?"

"நான்தான்."

"தெரியாமதானே குடுத்தீங்க. விடுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

மறுநாள் சாயங்காலம் மறுபடி பையைத் தடவுவாள். நான் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும்.